ஐந்தாம் பிரஸ் மீது விழுந்த வெயில்

நன்றாக எழுதினார் என்பதற்காக ஒருவரை வேலையிலிருந்து அனுப்பியிருக்கிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை. மற்றவர்களைப் போல மோசமாக எழுதியிருந்தால் அவர் இந்நேரம் அந்த ஆலையில் மூத்த டெக்னீஷியனாக இருந்திருப்பார்.

ஒரகடம் பக்கம் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கொஞ்ச நாளில் உங்களுக்குக் கீழே ஆட்கள் வருவார்கள். ஆடிட் வரும். எதிர்பாராத கேள்வி ஒன்று வரும். பதில் சொல்ல நான்கைந்து விநாடிதான் கிடைக்கும். எனக்குக் கிடைத்த விநாடிகளை நான் என்ன செய்தேன் என்று எழுதுகிறேன்.

நான் உற்பத்தி மேலாளராக இருந்தது கார்களுக்குத் தகட்டு உதிரிபாகங்கள் செய்யும் ஆலை. தகட்டை அடித்து வடிவமாக்கும் பெரிய பிரஸ்கள் ஆறு இருந்தன. பொறியியல் படித்தவன் என்பதோடு, நிறையப் புத்தகம் படிப்பவன் என்றும் எனக்குப் பெயர் உண்டு. டிசம்பரில் விடுப்புப் போட்டுக் கச்சேரிக்குப் போவேன். வீட்டில் இரண்டு அலமாரி நிறைய நாவல்கள். ஆகவே நான் கலைக்கு எதிரி இல்லை. அதற்கென்று தனி இடமும் நேரமும் டிக்கெட்டும் இருக்கின்றன என்று நினைத்திருந்தேன், அவ்வளவுதான். அது ஆலைக்குள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வந்தபோது கேட் பாஸ் கேட்டேன்.

அது வந்த இடம் ஷிஃப்ட் ரிஜிஸ்டர். ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்தது தொடங்கும்போது, இயந்திரங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று பராமரிப்பு ஆள் ஒரு நீள நோட்டில் எழுதிவிட்டுப் போக வேண்டும். பெரும்பாலும் எழுதப்படுவது ஒரே சொல்: ஓகே. எண்ணெய் ஒழுகினாலும் ஓகே. புகை வந்தாலும் ஓகே. யாராவது படிப்பார்கள் என்று யாரும் எழுதவில்லை, யாரும் படிக்கவும் இல்லை.

சுடலைமணி அதை மாற்றினார். தென்காசிப் பக்கத்துப் பையன், டிப்ளமோ முடித்தவர், சுங்குவார்சத்திரத்தில் ஒரே அறையில் இன்னும் நான்கு பேரோடு தங்கியிருந்தார். இரண்டு வருட டிரெய்னி. முடிவில் கன்ஃபர்மேஷன் கடிதம் வந்தால் நிரந்தரம், வராவிட்டால் பையைக் கட்ட வேண்டும். அந்தக் கடிதம் வந்த பிறகு பெண் பார்க்கலாம் என்று ஊரில் சொல்லி வைத்திருந்தார்கள். நான் சொல்லப் போகும் ஆடிட் வந்தபோது அதற்கு நான்கு மாதம் இருந்தது.

அவர் எழுதியதில் எனக்கு மனப்பாடமாக இருப்பவற்றைச் சொல்கிறேன்.

"மூன்றாம் பிரஸ் காலையிலிருந்து தொண்டையைச் செருமுகிறது. இருமல் இல்லை. பேச வாயெடுக்கும் முன் செருமுவது போல. முன்னால் நின்றால் கேட்காது. பின்னால் மின்பெட்டி அருகே நின்று மூச்சைப் பிடித்தால் கேட்கும்."

"கூலன்ட் இன்று பழைய மோர் போல மணக்கிறது. நேற்று மணம் இல்லை."

மூன்றாம் பிரஸ்ஸைத் திறந்து பார்த்தார்கள். பேரிங் ஒன்று உடைய இருந்தது. மாற்றினார்கள். செருமல் நின்றது.

அதற்குப் பிறகு இரண்டாம் ஷிஃப்ட் ஆட்கள் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து ரிஜிஸ்டரைச் சுற்றி நிற்க ஆரம்பித்தார்கள். முன்னால் நிற்பவர் எப்போதும் தேவராஜ். வல்லம் பக்கத்துக் கிராமத்துக்காரர், பிரஸ் ஆபரேட்டர், ஆலை வருவதற்கு முன்பிருந்தே அந்த மண்ணில் இருப்பவர்.

"இன்னா மணி, இன்னிக்கு மூணாவது இன்னா சொல்லுது?"

"அது செட்டாயிட்டுண்ணே. நாலாவதுதான் மூஞ்சிய தூக்கி வச்சிருக்கு."

"எங்கூட்டுக்காரியும் அப்டித்தான் கீது காலீலேந்து. ரெண்டுத்துக்கும் ஒரே மருந்தா எழுதிக் குடு."

ஷிஃப்ட் மாற்றத்தில் நேரம் தவறாமை கூடியிருப்பதாகத் தலைமை அலுவலகத்துக்கு நான் அறிக்கை அனுப்பினேன். காரணம் என்ற இடத்தில் கண்டிப்பான மேற்பார்வை என்று எழுதினேன்.

நானும் படித்தேன். எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போய்ப் படிப்பேன். நல்ல உரைநடை எது என்று எனக்குத் தெரியும். என் வீட்டு அலமாரியில் இருந்த பாதிப் புத்தகங்களை விட அது நன்றாக இருந்தது. இதை அன்று யாரிடமும் சொல்லவில்லை.

ஆலையின் தரத்தைச் சோதிக்கும் ஆடிட்டுக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். ஒல்லியானவர், மெதுவாகப் பேசுபவர், எதையும் தொட்டுப் பார்ப்பவர். எங்களுக்கு மெதுவாகப் பேசும் ஆடிட்டரைக் கண்டால்தான் பயம். பிரஸ் வரிசையில் நடந்தவர் ரிஜிஸ்டரைத் திறந்தார். மற்ற பக்கங்களில் ஒரு சொல்லும் ஒரு பக்கத்தில் பத்து வரியும் இருப்பதைப் பார்த்து, இங்கே என்ன எழுதியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அந்தப் பக்கத்தில் இருந்தது இது:

"மதியம் ஒன்றரைக்கு மேற்குக் கூரையின் விரிசல் வழியாக வெயில் இறங்கி ஐந்தாம் பிரஸ்ஸின் சென்சார் மீது விழுகிறது. அரை மணி நேரம் சென்சாருக்குக் கண் கூசுகிறது, பிரஸ் நிற்கிறது. சென்சாருக்குக் குடை போல ஓர் அட்டை வைத்திருக்கிறேன். யாரும் எடுக்க வேண்டாம். கூரையை அடைக்கும் வரை அந்த வெயிலைப் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் புகை அதில் ஏறிப் போவது நன்றாக இருக்கிறது."

முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்திருந்தால் போதும். எனக்குக் கடைசி இரண்டு வரிதான் கண்ணில் பட்டது. வெயிலைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு தொழில்நுட்பப் பதிவேட்டில் எழுதியிருப்பதை வெளிநாட்டுக்காரருக்கு எப்படிச் சொல்வது? நான் சேர்ந்த புதிதில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேலாளர் ஒருவர் அடிக்கடி சொல்வார்: "ஆடிட்டர் கேட்டா பதில் சொல்லாத. ஆக்‌ஷன் எடுத்தாச்சுன்னு சொல்லு. அப்புறமா எடுத்துக்கலாம்." இருபது வருடம் அது எனக்குப் பலன் கொடுத்திருந்தது.

"இது பதிவு இல்லை," என்றேன். "ஒரு டிரெய்னியின் சொந்தக் கிறுக்கல். ஒழுங்கீனம். அவர் மீது நடவடிக்கை எடுத்தாகிவிட்டது."

சுடலைமணி மூன்றடி தள்ளி ஸ்பேனருடன் நின்றிருந்தார். அவருக்கு ஆங்கிலம் புரியும்.

ஆடிட்டர் தலையை ஆட்டினார். "நடவடிக்கைக்கான தாளை நாளை பார்க்கலாமா?" என்றார்.

அப்படி ஒரு தாள் இல்லை. அன்று மாலை அதை நான் தயாரித்தேன். பதிவேட்டைத் தவறாகப் பயன்படுத்தியதற்கான எச்சரிக்கை மெமோ. தேதியை இரண்டு வாரம் முன்னதாகப் போட்டேன். சுடலைமணியைக் கூப்பிட்டுக் கையெழுத்துக் கேட்டேன்.

"சார், தேதி முன்னால போட்டிருக்கே?"

"ஃபார்மாலிட்டிப்பா. ஆடிட் முடிஞ்சதும் கிழிச்சிடலாம்."

"எழுதினது தப்பா சார்?"

"கையெழுத்துப் போடு."

போட்டார். ஆடிட் முடிந்தது. நான் மெமோவைக் கிழிக்கவில்லை. கிழிக்க மறந்துபோனேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆடிட்டர் பார்த்த தாள் பிறகு காணாமல் போனால் நான் மாட்டிக்கொள்வேன் என்பதுதான் காரணம்.

கோப்பில் மெமோ உள்ள டிரெய்னிக்கு கன்ஃபர்மேஷன் கிடையாது என்பது எங்கள் விதி. நான்கு மாதம் கழித்துப் பட்டியல் என் மேசைக்கு வந்தபோது அவர் பெயருக்கு எதிரே சிவப்புக் கோடு இருந்தது. அந்த மெமோ பொய் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். பட்டியலில் கையெழுத்துப் போட்டேன். அவர் பையோடு ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஏறியதை கேட்டில் இருந்த காவலர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

இதற்கிடையில் ஆடிட் அறிக்கை வந்திருந்தது. அதில் ஒரு வரி: "பிரஸ் வரிசையில் ஷிஃப்ட் குறிப்புகள் விரிவாக இருந்தன. எழுதியவர் மீது நடவடிக்கை எடுத்ததாகச் சொன்னார்கள். காரணம் விளங்கவில்லை." ஒவ்வொரு வரிக்கும் நாங்கள் எழுத்துப்பூர்வமாகப் பதில் தர வேண்டும். குறிப்புகள் ஒரே சீராக்கப்பட்டுள்ளன என்று பதில் எழுதினேன். அது உண்மை. எல்லோரும் ஓகே என்று எழுத ஆரம்பித்திருந்தார்கள்.

அடுத்த வருடம் அதே மாதத்தில் ஐந்தாம் பிரஸ் மதியத்தில் நிற்கத் தொடங்கியது. தேவையற்ற பொருள்களை அப்புறப்படுத்தும் வாரத்தில் யாரோ அந்த அட்டையை எடுத்துக் குப்பையில் போட்டிருந்தார்கள். கூரை விரிசலை யாரும் அடைத்திருக்கவில்லை. எனக்கும் அட்டை நினைவுக்கு வரவில்லை. அந்தப் பக்கத்தை மறப்பதில் நான் அவ்வளவு முயற்சி எடுத்திருந்தேன். சென்சார் கம்பெனியிலிருந்து இன்ஜினியர் வந்தார். மின்பெட்டியை அவிழ்த்தார்கள், புரோகிராமை மாற்றினார்கள். மூன்றாம் நாள் மதியம் தேவராஜ் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், அது வெயில் சார்."

"என்ன?"

"சென்சாரு மேல வெயில் வுழுது. மணி எழுதி வெச்சிருந்தாரே."

"மூணு நாளா ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல. எழுதறதே குத்தம்னு சொல்ட்டீங்க. வாய தொறந்து சொன்னா இன்னா ஆவுமோன்னு பாத்துகினு இருந்தேன்."

கையில் இருந்த ஃபைலைச் சென்சாருக்கு மேலே பிடித்தேன். பிரஸ் ஓடியது. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். கூரையிலிருந்து தரை வரை ஒரு சாய்ந்த வெளிச்சப் பட்டை. அதற்குள் எண்ணெய்ப் புகை அவசரமில்லாமல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. பிரஸ் அடிக்கும் ஒவ்வொரு முறையும் அது ஒரு தரம் நின்று, பிறகு ஏறியது. நான் அந்த ஷெட்டில் பதினொரு வருடம் நடந்திருக்கிறேன். ஃபைலைப் பிடித்த கை வலிக்கும் வரை நின்றேன்.

அடுத்த வாரம் கூரையை அடைக்கச் சொல்லிவிட்டேன். அது நிர்வாக ரீதியாகச் சரியான முடிவு.

இந்த இடத்தில் நான் சுடலைமணியைத் தேடியிருக்க வேண்டும். தேடவில்லை. ஓய்வு பெற்றேன். ஓய்வுக்குப் பிறகும் அதே ஆலைக்கு வருடத்தில் இரண்டு முறை போய், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நெருக்கடியில் முடிவெடுப்பது பற்றி வகுப்பு எடுத்தேன். நன்றாக எடுப்பேன் என்று சொல்வார்கள்.

சென்ற வருடம் தேவராஜ் மகள் கல்யாணத்துக்கு ஸ்ரீபெரும்புதூர் போயிருந்தேன். பந்தியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தேவராஜ் கேட்டார்.

"நம்ம மணி ஞாபகம் கீதா சார்? இன்னும் காண்ட்ராக்ட்லதான் ஓடிகினு கீறாரு. எட்டு வருசமாச்சு. ரெண்டு கம்பெனில பர்மனென்ட் ஆர்டரே குட்த்தாங்க. ஆளு எப்டின்னு கேட்டு நம்ம கம்பெனிக்கு வெரிஃபிகேசன் அனுப்புனாங்களாம். ஒழுங்கீனம்னு பதில் போச்சாம். ஆர்டர திருப்பி வாங்கிகினாங்க. இப்போ மூணாவதா ஒண்ணு வந்துகீது."

"எப்போ வெரிஃபிகேஷன்?"

"இந்த மாசம்தான். பாயசம் வெக்கச் சொல்லட்டா சார்?"

வீட்டுக்கு வந்து ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். இரண்டு நாள் ஆனது. அதை எடுத்துக்கொண்டு சுங்குவார்சத்திரத்தில் சுடலைமணி வீட்டுக்குப் போனேன். இப்போது அந்த ஐந்து பேர் அறை இல்லை. ஒரு மாடிப் போர்ஷன், மனைவி, நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. அவர் என்னைப் பார்த்து எழுந்து நின்றார். உட்காரச் சொன்னார். கோபப்படுவார் என்று தயாராகப் போயிருந்தேன். தண்ணீர் கொடுத்தார்.

கடிதத்தை வாங்கி நிதானமாக இரண்டு முறை படித்தார். அதில், சில தவிர்க்க முடியாத சூழ்நிலைகளால் நிர்வாக ரீதியாக ஒரு முடிவு எடுக்கப்பட்டது என்றும், அதனால் ஏற்பட்ட பாதிப்புக்கு ஆழ்ந்த வருத்தம் என்றும் இருந்தது.

"சார், தப்பா எடுத்துக்கிடாதீங்க. இதுல என்ன நடந்துச்சுன்னே இல்லையே."

"எழுதியிருக்கேனே மணி."

"சூழ்நிலைன்னு எழுதிருக்கீங்க. அது எந்தச் சூழ்நிலை? யாரு வந்தாவ, என்ன கேட்டாவ, நீங்க என்ன சொன்னீங்க? அதுல்லா வேணும். இத வாசிச்சிட்டு அடுத்த ஷிஃப்ட்காரன் எந்த போல்ட்ட முறுக்குவான்?"

டீ கொண்டுவந்த அவர் மனைவி, "அவுக அப்படித்தான் சார். நான் மளிகைச் சாமான் எழுதிக் குடுத்தாலும் திருத்துவாவ," என்றார்.

"பருப்புன்னு மொட்டையா எழுதினா என்ன பருப்புன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

அங்கேயே உட்கார்ந்து திரும்ப எழுதினேன். இரண்டாவதையும் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவதில் ஒரு பத்தியைத் தவிர மற்றதை அடித்தார். நான்காவது இப்படி முடிந்தது: "ஆடிட்டர் கேட்டார். நான் அந்தப் பக்கத்தைப் படித்தேன். எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் பயந்தேன். நடவடிக்கை எடுத்துவிட்டதாகப் பொய் சொன்னேன். அவர் தாள் கேட்டதால் முன்தேதியிட்டு ஒரு மெமோ தயாரித்தேன். கிழித்துவிடுவதாகச் சொல்லிச் சுடலைமணியிடம் கையெழுத்து வாங்கினேன். கிழிக்கவில்லை. அவர் எந்தத் தவறும் செய்யவில்லை."

இதைப் படித்தபோது ஓரிடத்தில் நிறுத்தி விரலை வைத்தார்.

"பிடிச்சிருந்துச்சா?"

"ஆமாம்."

"எனக்குத் தெரியாதே சார்."

விரலை எடுத்துக் கடிதத்தை மடித்தார். "மோசமா எழுதி கம்பெனிய அசிங்கப்படுத்திட்டேன்னுல்லா நெனச்சேன். அதுக்குப் பொறவு எங்கயும் எழுதல. ஓகேன்னுதான் எழுதுதேன்."

வேலை போனதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். நான் பறித்தது அது மட்டும் இல்லை என்று அந்த மாடிப் போர்ஷனில்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கு என்னிடம் கடிதம் எதுவும் இல்லை.

மறுநாள் பழைய ஆலைக்குப் போனேன். மனிதவளத் துறையின் தலைவராக இப்போது இருப்பவர் ஒரு இளம்பெண். மரியாதையானவர். என் வகுப்பில் உட்கார்ந்தவர்.

"சார், இதுல நீங்க பொய் சொன்னேன்னு எழுதியிருக்கீங்க."

"சொன்னேம்மா."

"பேக்-டேட் பண்ணேன்னும் இருக்கு."

"பண்ணேன்."

"கம்யூனிகேஷன் கேப் அப்படின்னு எழுதிக் குடுக்கலாமே சார்? எங்களுக்கும் ஈஸியா இருக்கும்."

"முதல்ல அப்படித்தாம்மா எழுதினேன். அவர் ஒத்துக்கல."

சட்டப் பிரிவில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். பழைய பதிவை அழிக்க முடியாது என்று பதில் வந்தது. என் கடிதத்தைக் கூடவே இணைப்பார்களாம். யாராவது விசாரித்தால் என் எண்ணைக் கொடுப்பார்களாம். அதற்குப் பிறகு என்னை வகுப்பெடுக்கக் கூப்பிடவில்லை. அங்கே சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வெரிஃபிகேஷன் செய்யும் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டார். படிவத்தில் இருந்ததை வரிசையாகக் கேட்டார்.

"வேலைய விட்டதுக்குக் காரணம் என்ன சார் போடட்டும்? ராஜினாமா, நீக்கம், காண்ட்ராக்ட் முடிஞ்சது, மற்றவை. இதுல எது?"

"மற்றவை."

"அதுல சுருக்கமா ஒரு வரிதான் சார் போகும்."

"மேலாளர் பொய் சொன்னார்."

தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. நின்றது. "மேலாளர் யாரு சார்?"

"நான்தாம்மா."

"சரி சார். அடுத்தது. வாய்ப்புக் கிடைச்சா இவர மறுபடி வேலைக்கு எடுப்பீங்களா?"

"எனக்கு இப்போ ஆள் எடுக்கற அதிகாரம் இல்லம்மா. அவர்கிட்ட நான் வேலைக்குச் சேருவேன்."

"சார், யெஸ்ஸா, நோவா?"

"யெஸ்."

சுடலைமணிக்கு வேலை கிடைத்தது. நிரந்தர வேலை, ஒரகடத்திலேயே. எனக்கு அதைச் சொன்னது தேவராஜ். ஒரு வாரம் பொறுத்து நானே சுடலைமணியைக் கூப்பிட்டேன். சந்தோஷம் என்றேன். தேங்க்ஸ் சார் என்றார். குழந்தையைப் பற்றிக் கேட்டேன். பள்ளிக்கூடம் சேர்த்திருப்பதாகச் சொன்னார். பிறகு, கேட்கக் கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டேன்.

"ரிஜிஸ்டர் எழுதறீங்களா மணி?"

"எழுதுதேன் சார்."

"எப்படி எழுதறீங்க?"

பின்னணியில் பிரஸ்கள் அடிக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவர் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசினார்.

"ஓகேன்னுதான் சார். ப்ரொபேஷன் ஆறு மாசம் இருக்குல்லா."